நீள லென்ஸைத் திருப்பி அனுப்புவது தொடர்பாக

டயகம,
ஜூலை 14, திங்கட்கிழமை.

அன்பு மச்சினர் றோலண்ட் அவர்களுக்கும், தங்கச்சி பிரியந்திக்கும், வத்தளை வீட்டிலுள்ள யாவருக்கும் இன்னாசிமுத்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் நானும் உங்கள் அக்கா மரியநாயகியும் மழையைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். நீங்கள் எல்லோரும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

இதை வாட்ஸ்அப்பில் சொல்லாமல் கடிதமாக எழுதக் காரணம் உண்டு. என் குரல் செய்திகளை நீங்கள் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக அக்கா சொன்னாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. விஷயம் இதுதான்: இந்தக் கடிதத்தோடு ஒரு பெரிய பார்சலும் வருகிறது. மே மாதம் நீங்கள் ஆசையாக அனுப்பிவைத்த நீள லென்ஸ், முக்காலி, பதினான்கு அறைகள் வைத்த தோள்பை, மழை உறை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கெமரா மாற்றியபோது எனக்குத் தந்த பழைய கெமராவையும் அதன் ஐம்பது மில்லி லென்ஸையும் மட்டும் வைத்திருப்பேன் என்று முதலில் நினைத்தேன். இப்போது அதையும் அனுப்பிவிட்டு, பேசாமல் லீக்ஸ் பாத்தி போடலாமா என்று யோசிக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

பார்சல் வந்த அன்றே சகுனம் சரியில்லை. பஸ் கண்டக்டர் அதை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்துவிட்டு, "அண்ணே, தண்ணி மோட்டர்தானே? எங்க வீட்டுலயும் ஒன்னு எரிஞ்சு கெடக்கு, பார்த்துத் தருவீங்களா?" என்று கேட்டார். வீட்டில் பிரித்ததும் உங்கள் அக்கா அந்த லென்ஸை நடுக்கூடத்தில் நிமிர்த்தி வைத்து, ஒரு சுற்று சுற்றி வந்து, "தம்பி நல்லாத்தான் இருக்கானா?" என்றாள். சிறுத்தையும் கழுகும் எடுத்து உங்கள் படக்கழகத்துப் போட்டிக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் எழுதியிருந்த துண்டைக் காட்டினேன். "சிறுத்தை வந்தா இதால அடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதலில் பையைச் சொல்கிறேன். நான் முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் பார்க்க மலை ஏறி இறங்கியவன். தோளில் எவ்வளவு எடை இருந்தால் மனிதன் எந்த வளைவில் உட்காருவான் என்பது எனக்கு அத்துப்படி. உங்கள் பை வெறும் பையாகவே என் பழைய மீட்டர் பை நிறைந்திருக்கும்போது இருந்த கனம் இருக்கிறது. அறை அதிகமானால் ஒழுங்கு வரும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு வந்தது தேடல்தான். ஆக்ரா ஓயா ஓரத்தில் ஒரு மீன்கொத்தி எனக்காகவே கல்லில் உட்கார்ந்திருந்தது. பேட்டரி செத்துப்போனது. மாற்றுப் பேட்டரி பதினான்கில் எந்த அறையில் என்று நான் தேடி முடிப்பதற்குள் மீன்கொத்தி ஒரு மீனைப் பிடித்து, தின்று, அடுத்த மீனையும் பிடித்துவிட்டுப் போய்விட்டது. இப்போது கெமராவைப் பழைய சாரத்தில் சுற்றி அதே மீட்டர் பையில் போட்டுக்கொள்கிறேன். மாற்றுப் பேட்டரி சட்டை உள்பையில், நெஞ்சோடு. நம் குளிருக்குப் பையில் கிடக்கும் பேட்டரி காலையிலேயே பாதி இறங்கிவிடும், உடம்புச் சூட்டில் இருந்தால் மாலை வரை தாங்கும். இது எந்த வீடியோவிலும் வராது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழை உறையும் அப்படித்தான். அதன் கயிற்றை இழுத்துக் கட்டி, கண்ணாடி ஜன்னலைச் சரிசெய்து, கையை நுழைத்து முடிப்பதற்குள் மழை விட்டு, வெயில் வந்து, மறுபடி மழை வந்துவிடும். உங்கள் அக்கா குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று போதும். ஒரு இழுப்பில் கெமராவின் தலைக்கு ஏறிவிடுகிறது. பூப் போட்டிருக்கிறது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காவுக்குத்தான் மனத்தாங்கல்.

லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும் விஷயத்தில் மட்டும் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. மூன்று நாள் மூட்டமாக இருந்தால் இங்கே சுவரில் மாட்டிய சட்டையிலேயே பூஞ்சணம் பூக்கும். கண்ணாடி எம்மாத்திரம்? ஆனால் நீங்கள் சொன்ன மின்சார உலர்பெட்டிக்கு எங்கே போவது? ஐம்பது மில்லி லென்ஸை அரிசி வாளிக்குள் துணியில் சுற்றிப் புதைத்துப் பார்த்தேன். அக்கா சுண்டில் அரிசி மொள்ளப் போய் லென்ஸையும் சேர்த்து மொண்டு, களையப்போன நேரத்தில் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அரிசி வாளிக்கு மூடிமேல் கல். பிறகு இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுத்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை அதில் போட்டேன். அக்கரப்பத்தனைச் சப்பாத்துக் கடையில் போய், "சப்பாத்து வேண்டாம், உள்ளே இருக்கிற பொட்டலம் மட்டும் தாங்க" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "ஐயா, இதைத் திங்கக்கூடாதுன்னு மேலேயே எழுதியிருக்கு" என்றார்.

இனி முக்காலி. இதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மே கடைசி ஞாயிறு பூசை முடிந்து, சின்னக்காட்டுத் தோட்டத்துப் பத்தாம் நம்பர் மலைக்கு ஏறினேன். அங்கே ஒரு கழுகு வட்டமடிப்பதாகக் கேள்வி. மலையின் அடியில், குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு காம்பராவை ஒட்டிக் கட்டிய லயம் ஒன்று இருக்கிறது. நான் மீட்டர் பார்த்த லயம்தான், அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். தேயிலைக்கு நடுவில் முக்காலியை விரித்து, கால்களைச் சரிமட்டம் பார்த்து ஊன்றி, மேலே அந்த நீளக் குழாயை ஏற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். நிமிர்ந்தபோது எனக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். அடுத்த தடவை நிமிர்ந்தபோது முப்பது பேர். முதலில் பேசியவர் வேலாயி. ஐம்பது வயது இருக்கும். கொழுந்து பறிக்கும் மலையில் ஒரு கங்காணியும் எதிர்த்துப் பேசாத குரல்.

"மீட்டரய்யா, எங்க லயத்துக்கும் சேர்த்துத்தானே அளக்குறீங்க?"

"அளக்கலைம்மா. படம் எடுக்கிறேன்."

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க" என்று பக்கத்திலிருந்த நாகலெட்சுமியிடம் சொன்னார்.

லயத்துக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு துண்டுக் காணி அளந்து கொடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அங்கே வருடத்துக்கு இரண்டு தடவை வரும், போகும். முக்காலியும் குழாயும் ஒற்றைக் கண்ணுமாக என்னைப் பார்த்ததும், ஓய்வு பெற்ற மீட்டர் ஐயாவை நில அளவைக்குப் போட்டுவிட்டார்கள் என்று லயம் முழுவதும் முடிவாகிவிட்டது. ஒருவர் டீ கொண்டுவந்தார். இன்னொருவர் குடை பிடித்தார். கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கும் அழகன் காதருகே வந்து, "ஐயா, அந்த ரெண்டு மரத்தக்காளி மரமும் நம்ம பக்கம் விழுற மாதிரி கோட்டைப் போடுங்க" என்றார். நாகலெட்சுமிக்கு அது கேட்டுவிட்டது. "நட்டது எங்க அப்பா! பழம் தின்னது நீ! மரமும் ஒனக்கா?" என்று ஆரம்பித்தார். நான் இன்னும் ஒரு படமும் எடுக்கவில்லை, அதற்குள் எல்லைத் தகராறு. தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவும் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். யார் அளக்கச் சொன்னது என்று சத்தம் போட்டார். நான் குழாய்க்குள் பார்க்கச் சொன்னேன். கம்பியில் ஒரு குருவி உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். "அட, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் அவர்களுக்கு நான் சொன்னது உண்மை என்று பட்டிருக்க வேண்டும். குடை பிடித்தவர் குடையை மடக்கிக்கொண்டார். றோலண்ட், அந்த நிமிடம் நான் உண்மையிலேயே நில அளவைக்காரனாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. வேலாயிதான் முதலில் தேறினார்.

"சரி. படம்னா படம். இங்க வாங்க, எடுக்க வேண்டியதை நான் காட்டுறேன்."

லயத்தின் பின்பக்கம் கூட்டிப் போனார். அடுப்படிச் சுவருக்கும் மலைத் திட்டுக்கும் நடுவே நாலடிச் சந்து, அதில் மழைத்தண்ணீர்க் கான் ஓடுகிறது. திட்டில் கண் மட்டத்தில் ஒரு வெடிப்பு ஆரம்பித்து, மேலே தேயிலை வரிசைக்குள் அரிவாள் மாதிரி வளைந்து போகிறது. இரண்டு விரல் உள்ளே போனது. போன மழைக்கு வந்ததாம். சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் சொல்லியாகிவிட்டதாம். அழகன் தன் போனில் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார். அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தேன். அவருடைய போனில் முகத்தை அழகாக்கும் வசதி எப்போதும் போட்டபடியே இருக்கிறது. அது மலையையும் முகம் என்று நினைத்து வெடிப்பைப் பூசி மெழுகி, பவுடர் போட்டுவிட்டது. அப்படி வழுவழுப்பான மண்சரிவை நான் பார்த்ததே இல்லை.

நான் உங்கள் லென்ஸைத் தூக்கினேன். அதற்குக் குறைந்தது ஒன்பதடி தள்ளி நின்றால்தான் படம் தெளிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். சந்தோ நாலடி. பின்னால் போனேன், அடுப்படிக்குள் வந்தேன். வெளிச்சம் போதவில்லை. இன்னும் பின்னால் போனேன், காம்பராவுக்குள் வந்தேன். கடைசியில் முன்வாசலுக்கே வந்து நின்று, வேலாயியின் வீட்டுக்குள்ளாக, அம்மன் படத்தையும் அடுப்பையும் தாண்டி, பின்கதவு வழியாக வெடிப்பைக் குறிபார்த்தேன். அழுத்துகிற நேரத்தில் நாகலெட்சுமி தண்ணீர் வாளியோடு குறுக்கே போனார். அடுத்த தடவை ஒரு கோழி. "ஐயா, கிட்டக்க போய் எடுக்குற கெமரா ஒன்னும் கெடையாதா?" என்று வேலாயி பொறுமையாகத்தான் கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது. ஐம்பது மில்லியை மாட்டினேன், சந்துக்குள் போனேன், எடுத்தேன். கண்ணால் பார்ப்பது போலவே வந்தது. அன்றிலிருந்து என் முடிவான அபிப்பிராயம்: எட்டாத தூரத்தில் இருப்பதை எட்டிப் பிடித்துக் காட்டுகிற லென்ஸ் வீட்டு விஷயத்துக்கு உதவாது. கிட்டே போகத் தைரியம் உள்ளவனுக்கு ஐம்பது மில்லி போதும்.

படத்தை அனுப்பவேண்டிய ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. படத்தில் இருப்பது கால்வாய் போலத் தெரிவதாகவும், அதைச் சுத்தமாக வைத்திருக்கும்படியும். எனக்கு முதலில் கோபம், பிறகு யோசனை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அளவு தெரியாத வெடிப்பு வெடிப்பே இல்லை. மீட்டரில் ஒரு தடவை எண் பார்த்து பில் போட முடியுமா? போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே கணக்கு?

ஆகவே மேலே தேயிலைக்குள் வெடிப்பு அகலமாக இருந்த இடத்தில் முக்காலியை வைத்தேன். அதன் மூன்று காலும் ஊன்றிய இடத்தில் மூன்று குச்சி அடித்து அடையாளம் வைத்தேன். வெடிப்பின் குறுக்கே அடிமட்டம் ஒன்றைக் கிடத்தி எடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு புதனும், அதே இடம், அதே லென்ஸ், அதே உயரம், அதே அடிமட்டம். இதற்கு முக்காலி உதவியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தை நிறுத்துவதற்காக அல்ல, என்னை நிறுத்துவதற்காக. ஆள் வேறொரு அடி தள்ளி நின்றால் படமே பொய் சொல்லும். வேலாயி வேலைக்குப் போகும் வழியில் பூத்தொப்பி போட்ட கெமராவைப் பார்த்துச் சிரிப்பார். "என்னங்க ஐயா, இன்னைக்கு எத்தனை யூனிட்?" என்பார். நாலு சென்டிமீட்டர். நாலரை. ஐந்து. ஒரு வாரம் ஐந்திலேயே நின்றது, நானும் நிம்மதியாக இருந்தேன். ஜூன் கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. புதன்கிழமை போய்க் கிடத்தினால் ஒன்பது. அதற்கடுத்த ஞாயிறு பதினொன்று. வேலாயி அன்று யூனிட் கேட்கவில்லை.

படங்களை நுவரெலியாவில் பெரிதாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதே அலுவலகத்துக்கு நேரில் போனேன். தனுஜா என்று ஒரு பெண் அதிகாரி, சிங்களப் பிள்ளை. உங்கள் மகள் வயதுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் பேசத் தொடங்குவதற்கு முன்பே உறையை வாங்கி ஏழு படங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். முதல் படத்தில் விரலை வைத்தார், கடைசிப் படத்தில் வைத்தார், மறுபடி முதலுக்கு வந்தார். "மாத்தயா, இதெல்லாம் ஒரே எடத்துல இருந்து எடுத்ததா?" என்று தமிழிலேயே கேட்டார். குச்சிகளைப் பற்றிச் சொன்னேன். எழுந்துகொண்டே, "ஹெடம எனவா" என்றார். நாளைக்கே வருகிறாராம். வந்தார். மழைக்கோட்டோடு வெடிப்பின் ஓரத்தில் முழங்காலிட்டு அரை மணி நேரம் பார்த்தார். பன்னிரண்டு குடும்பமும் அன்றைக்கே இறங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இங்கே நான் மாலை மரியாதை எதிர்பார்த்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் நடந்ததைக் கேளுங்கள். எதிர்மலை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பன்னிரண்டு குடும்பத்தையும் கொண்டுபோய் வைத்தார்கள். படுப்பதற்குச் சீமெந்துத் தரை, எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கழிவறை. ஆட்டுக்கும் கோழிக்கும் அங்கே அனுமதி இல்லை. முதல் இரண்டு நாள் பயத்தில் போனது. மூன்றாம் நாள் மழை நின்று, வெயில் அடித்து, மலை பளபளவென்று அப்படியே நின்றது. நாலாம் நாளும் நின்றது. ஐந்தாம் நாள் நான் பிஸ்கட் பெட்டியோடு போனபோது அழகன் வணக்கம் சொல்லவில்லை. "நல்ல படம் எடுத்தீங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். நாகலெட்சுமி கேட்டார், "அந்த அடிமட்டம் சரியான அடிமட்டமாங்க?" இன்றோடு ஒன்பது நாள். மலை இறங்குவதாகத் தெரியவில்லை. டயகம கடைத்தெருவில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். மலை விழவேண்டும் என்று ஒருவன் செபிக்க முடியுமா, சொல்லுங்கள்? விழாமல் இருந்தால் நான் பொய்யன். விழுந்தால் அவர்கள் வீடு. நேற்று பூசையில் என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா முழங்காலில் இருந்துவிட்டு வந்தேன். வேலாயி ஒருவர்தான் பழையபடி பேசுகிறார். அவரும் அக்காவிடம், "ஐயா பாவம், வேற வேலை ஏதாச்சும் பார்த்துக் குடுங்கம்மா" என்றாராம்.

ஆகவே, மச்சினரே, இந்தப் பொழுதுபோக்கு போதும் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். கெமராவையும் சேர்த்து எல்லாச் சாமான்களையும் சாக்குத் துணியில் வைத்துத் தைத்துவிட்டேன். இன்று பின்னேர பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். லென்ஸால் நான் ஒரு படமும் உருப்படியாக எடுக்கவில்லை, ஆகவே புதிதாகவே இருக்கிறது. முக்காலியின் காலில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டேன். வேறு யாராவது இளந்தாரிக்குக் கொடுங்கள். பிரியந்திக்கு முதுகு வலி எப்படி? பேரக்குட்டியை மழையில் விளையாட விடவேண்டாம், வத்தளை மழையானாலும் மழைதான். அக்கா உங்களுக்கு லீக்ஸும் கரட்டும் தனி உரப்பையில் அனுப்புகிறாள். தேவமாதாவின் பாதுகாப்பு உங்கள் வாசலிலும் கூரையிலும் இருப்பதாக.

இப்படிக்கு,
உங்கள் அக்கா புருஷன்,
ச. இன்னாசிமுத்து.

பி.கு. — ஜூலை 18, வெள்ளி. கடிதம் தாமதமாகிவிட்டது. பார்சலில் லென்ஸைத் தேட வேண்டாம். பார்சலே இல்லை. லீக்ஸ் மட்டும்தான் வருகிறது, அதுவும் கொஞ்சம் வாடியிருக்கும்.

திங்கட்கிழமை பார்சலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிற வழியில் கோயில் மண்டபத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். வேலாயி வாசலில் நின்றார். சாக்குத் தைத்திருந்த உருவத்தைப் பார்த்ததுமே என்னவென்று கண்டுகொண்டார். "ஐயா, அந்தக் குழாயில நம்ம லயம் தெரியுமா?" என்றார். மண்டபத்திலிருந்து பள்ளத்தைத் தாண்டி எதிரே அந்த லயம், தீப்பெட்டி அளவில். தையலைப் பிரித்தேன். முக்காலியைக் கோயில் முற்றத்தில் விரித்து லென்ஸைத் திருப்பினேன். வேலாயி கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை. "வாசல்ல போட்ட துடைப்பக்கட்டை அப்படியே கெடக்கு" என்றார். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். நாகலெட்சுமி கொடியில் காயும் தன் சேலையைப் பார்த்து அழுதார். அடுத்த மூன்று நாளும் எனக்கு அதே வேலை: காலை எட்டு மணிக்கு முக்காலியை விரிப்பது, பன்னிரண்டு குடும்பத்துக்கும் அவரவர் வீட்டைக் காட்டுவது. திரும்ப எல்லோரும் வணக்கம் சொல்லத் தொடங்கினார்கள், அழகனைத் தவிர. அவருக்கு வீட்டைப் பார்க்க வேண்டாம், கோழிதான் வேண்டும்.

நேற்று வியாழன். காலையிலிருந்து நல்ல மழை. பகல் இரண்டு மணிக்கு வேலாயி பார்த்துக்கொண்டிருந்தவர், "கான் தண்ணி ஏன் இப்படி டீ மாதிரி வருது?" என்றார். நான் கண்ணை வைத்தேன். லயத்துக்குப் பின்னாலிருந்து செம்மண் கரைசல் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. அதே நேரம் கடைசிக் காம்பராவின் கதவு திறந்து உள்ளே ஒரு ஆள் குனிந்து போனது தெரிந்தது. அழகனுடைய சிவப்புக் குளிர்த்தொப்பி. கையில் கூடை. போன் அடித்தோம். அது மண்டபத்திலேயே சார்ஜில் கிடந்து பாடியது. வேலாயி கோயிலுக்குள் ஓடினார். அடுத்த நிமிடம் திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கியில் பள்ளத்தாக்கு முழுவதும் அவர் குரல்:

"டேய் அழகா! கோழிய வுட்டுட்டு வெளிய வாடா! மலை எறங்குது! ஒன்னத்தான்டா, செவப்புத் தொப்பி!"

அழகன் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். அம்மனே கூப்பிட்டதாக நினைத்தாராம், பின்னால் சொன்னார். கூடையை விடாமல்தான் ஓடினார். பள்ளத்துப் பாலத்தைத் தாண்டியதும் நின்று மூச்சு வாங்கினார். கால் மணி நேரம் இருக்கும், மலை சத்தம் போடாமல் குனிந்தது போல இறங்கியது. பிறகுதான் சத்தம் வந்தது. கடைசி நான்கு காம்பரா இல்லை. மற்ற எட்டும் நிற்கின்றன. ஆள் சேதம் இல்லை, றோலண்ட். ஒருவருக்கும் இல்லை. நாகலெட்சுமி அழகனின் கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். அழகன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அந்தக் கணத்தைப் படம் எடுத்தீர்களா என்று கேட்பீர்கள். ஒன்று எடுத்தேன், இத்துடன் வைத்திருக்கிறேன். அழகன் பாலத்தில் ஓடி வருகிறார். கலங்கித்தான் இருக்கிறது. முக்காலியில் இருபது பேர் சாய்ந்து பார்த்தால் எந்த முக்காலியும் ஆடும். போட்டிக்கு அனுப்பாதீர்கள். முகம் தெளிவாக இன்னொன்று எடுத்துத் தரச்சொல்லி அழகன் கேட்கிறார்.

இன்னொரு விஷயம். லென்ஸுக்கும் கெமராவுக்கும் நடுவில் ஒரு வளையம் மாட்டினால் தூரம் இரண்டு மடங்காகும் என்கிறார்களே, உங்களிடம் இருந்தால் அடுத்த பஸ்ஸில் கட்டாயம் அனுப்பவும். வேலாயியின் காம்பரா நிற்கிறது. அவசரத்தில் கதவைப் பூட்டினாரா இல்லையா என்று அவருக்கு ஞாபகமில்லை. இந்த லென்ஸில் கதவு தெரிகிறது, பூட்டு தெரியவில்லை.